வாய் எவ்வளவு திறக்கிறது என்று கோப்பில் எழுதுங்கள்: தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

என் தம்பியின் வலது கீழ்த்தாடையில் இப்போது இருப்பது அவனுடைய இடது கால் எலும்பு. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, பெரிய எலும்புக்குப் பின்னால் ஒளிந்தாற்போல் ஓடும் மெல்லிய எலும்பு அது. அதில் ஒரு துண்டை, அதற்கு உணவூட்டும் ரத்தக் குழாயோடும் மேல்தோலின் ஒரு பட்டையோடும் சேர்த்து எடுத்தார்கள். ஆப்பு வடிவில் வெட்டித் தாடையின் வளைவுக்கு ஏற்ப மடக்கினார்கள். டைட்டானியம் தகட்டில் திருகிப் பொருத்தி, கழுத்து ரத்தக் குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்தார்கள். 2023 ஜூலையில் காலை ஏழரை மணிக்கு உள்ளே போனவன் மாலை ஆறரைக்குத்தான் வெளியே வந்தான். அந்தப் பதினொரு மணி நேரமும் நின்றபடியே வேலை செய்தவர்கள் உங்களைப் போன்றவர்கள். அவன் இன்று உயிரோடு இருக்கிறான். நாங்கள் உங்களுக்குப் பட்டிருக்கும் கடன் அது. இனி நான் சொல்லப்போகும் குறைகளையும் அந்தக் கடனை மறக்காமல்தான் சொல்கிறேன்.

நான் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. தம்பி குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவன். பஞ்சும் நூலும் பறக்கும் தறிக்கூடத்தில் பீடி பற்றவைக்க முடியாது. பன்னிரண்டு மணி நேர இரவு ஷிஃப்டில் தூக்கத்தை விரட்டப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். கைகள் தறியில் இருக்க, அது பாட்டுக்கு உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். தம்பிக்கு இருபது வருடப் பழக்கம். எப்போதும் வலது கன்னம்தான். புண் வந்ததும் அதே இடத்தில்தான்.

முதலில் காரம் எரிந்தது. பிறகு கொட்டாவி விடும்போது வாய் முழுதாகத் திறக்கவில்லை. அதன்பின் கடைவாய்ப் பல் ஆடியது. பக்கத்து ஊரில் ஒருவர் அதைப் பிடுங்கினார். பிடுங்கிய குழி இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. அறுவைக்கு வந்து சேர்ந்தபோது நோய் எலும்புக்குள் இறங்கி நான்காம் கட்டத்துக்குப் போயிருந்தது. திருவனந்தபுரம் பகுதியில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைப் பார்த்தார்கள். அதனாலேயே புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்தது என்று 2005இல் வெளியான ஆய்வைப் பின்னாளில் படித்தேன். தம்பியின் வாயை அந்த இருபது வருடத்தில் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை, நான் உட்பட. அது தனி மடலாக எழுத வேண்டிய விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.

அறுவைக்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்ததால் தம்பியால் பேச முடியாது. ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் வந்த இளம் மருத்துவரிடம் அவன் எழுதிக் காட்டிய முதல் கேள்வி: "ரத்தக் குழாய் தைச்ச நூல் எத்தனாம் நம்பர்?" மருத்துவருக்கு முதலில் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். நெசவில் நூலுக்கு நம்பர் உண்டு. நாற்பது, அறுபது, எண்பது என்று நம்பர் கூடக் கூட நூல் மெலியும். மருத்துவர் சிரித்துக்கொண்டே, "எங்களிடமும் அப்படித்தான். இது ஒன்பதாம் நம்பர், தலைமுடியைவிட மெல்லியது" என்றார். தம்பி அந்த ஒன்பதைத் தன் நோட்டில் எழுதி வட்டமிட்டு வைத்துக்கொண்டான். அறுந்த இழையை ஓடும் தறியில் ஒரு நொடியில் முடிச்சுப் போட்டவன் அவன். இன்னொருவர் தன் கழுத்துக்குள் அதே வேலையைச் செய்திருக்கிறார் என்பதில் அவனுக்கு அத்தனை மதிப்பு.

அந்த முதல் மூன்று நாட்களில் நான் பார்த்த இன்னொன்றும் உண்டு. கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கியது. மணிக்கு ஒருமுறை செவிலியர் வருவார். வாய்க்குள் டார்ச் அடித்து, பொருத்திய தோலின் நிறத்தைப் பார்ப்பார். விரலால் தொட்டுச் சூடு பார்ப்பார். ஊசியால் மெல்லக் குத்தி, வரும் துளி சிவப்பா கறுப்பா என்று பார்ப்பார். டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் ஓசையைக் கேட்பார். பிறகு நேரத்தைப் போட்டுக் கையெழுத்திடுவார். இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இது நடந்தது. ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தால் சில மணி நேரத்துக்குள் திரும்பவும் திறந்து சரிசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் வைத்த எலும்பும் தோலும் செத்துவிடும் என்று விளக்கினார்கள். பொருத்திய அந்த எலும்பும் தோலும் சேர்ந்த துண்டுக்கு ஃப்ளாப் என்று பெயர். "ஃப்ளாப் நன்றாக இருக்கிறது" என்று காலைச் சுற்றில் நீங்கள் சொன்ன ஒரு வரிக்காக வார்டில் அத்தனை குடும்பங்களும் காத்திருந்தோம்.

மருத்துவர்களே, நான் கேட்கப்போவது ஒன்றுதான். ஃப்ளாப்புக்கு மணிக்கு மணி ஒரு தாள் இருந்தது. அந்த வாய் திறக்கிறதா, விழுங்குகிறதா, பேசுகிறதா என்பதற்கும் ஒரு தாள் வேண்டும்.

பதினைந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் தந்த அறிக்கை இரண்டு பக்கம். கட்டியின் நீள அகலம், வெட்டிய ஓரத்துக்கும் கட்டிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர், கழுத்தில் எடுத்த நெறிக்கட்டிகள் எத்தனை, அவற்றில் நோய் இருந்தவை எத்தனை என்று எல்லாம் துல்லியமாக இருந்தன. கடைசியில் ஒற்றை வரி: மென்மையான உணவு, வாய்ச் சுத்தம், மறுபரிசோதனைக்கு வரவும்.

அந்த ஒற்றை வரிக்குள்தான் நாங்கள் இரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம்.

மூக்குக் குழாயோடுதான் வீட்டுக்கு வந்தான். முதல் வாரமே ராகிக் கஞ்சி குழாயை அடைத்துக்கொண்டது. கஞ்சியைத் துணியில் வடிகட்ட வேண்டும், ஊற்றும்போது தலையணையை உயர்த்தி உட்காரவைக்க வேண்டும், முடிந்ததும் வெந்நீர் விட்டுக் குழாயை அலச வேண்டும் என்பதையெல்லாம் நாங்கள் கற்றது பக்கத்துத் தெருவில் பக்கவாதம் வந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மாவிடம். வாய்வழியாகச் சாப்பிடத் தொடங்கியபோது தண்ணீர்தான் எதிரியானது. கெட்டியானது எப்படியோ இறங்கிவிடும். தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் ஓடி, அவன் முகம் சிவக்க இருமுவான். தாடையைச் சற்றே நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கினால் அவனுக்குப் புரையேறுவது குறைகிறது என்பது எங்களுக்குத் தெரிந்தது ஐந்தாம் மாதத்தில். அதுவரை ஒவ்வொரு டம்ளர் தண்ணீரையும் பயத்தோடுதான் கொடுத்தோம்.

கதிர்வீச்சை ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்றார்கள். சொன்னபடி தொடங்கிவிட்டார்கள். அதில் குறை இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பது. முகத்தின் அச்சில் செய்த வலை முகமூடியை மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். மூன்றாம் வாரம் வாயெல்லாம் வெந்து, எச்சில் பசைபோல் இழுபட்டது. வலியில் அவன் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். நாங்களும் வற்புறுத்தவில்லை. புண் ஆறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

அந்த இடைவெளியில்தான் வாய் இறுகிப்போனது. ஏற்கெனவே நார் பிடித்த கன்னம். அதன்மேல் அறுவைத் தழும்பு, அதன்மேல் கதிர்வீச்சு. சாதாரணமாக ஒருவருக்கு மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்க வேண்டுமாம். ஆறாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது தம்பிக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. டார்ச்சை உள்ளே காட்ட முடியாமல் மருத்துவர் சிரமப்பட்டார். நோய் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்கவே வழியில்லை. "பயிற்சியை முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எந்தப் பயிற்சி என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். எங்களிடம் சொல்லியிருக்க வேண்டியவர் யார் என்று அந்த அறையில் இருந்த எவருக்கும் தெரியவில்லை. அது ஒருவருடைய வேலை என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பயிற்சி என்பது இவ்வளவுதான். ஐஸ் குச்சிகளை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ரப்பர் போட்டுக் கட்டவேண்டும். நல்ல பக்கத்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே அதை நுழைத்து, முப்பது எண்ணும்வரை பொறுக்கவேண்டும். பிறகு அடுக்கின் நடுவில் இன்னொரு குச்சியைச் செருகப் பார்க்கவேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. கோவையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரைத் தேடிப் பிடித்தபோதுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. பள்ளிக் கைவினை வகுப்புக்கு வாங்கும் அதே குச்சிகள், ஒரு கட்டு சில ரூபாய்தான். தம்பி முதல் நாள் ஆறு குச்சியோடு தொடங்கினான். ஏழாவது நுழைய பதினெட்டு நாள் பிடித்தது. அந்தப் பதினெட்டு நாளும் கண்ணில் நீர் வழிய அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அவன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக முப்பது எண்ணுவாள். சில நாள் இருபத்தெட்டுக்குப் பிறகு வேண்டுமென்றே வேகமாக எண்ணுவாள்.

அறுவைக் காயம் ஆறி நீங்கள் சரி என்றவுடன், கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே இதைத் தொடங்கியிருந்தால் அந்தப் பதினெட்டு நாளில் பாதி மிச்சமாகியிருக்கும் என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் இறுகிப்போன பிறகுதான் வருகிறார்கள்" என்றார், அவ்வளவுதான்.

பேச்சைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, அது என் தொழில். ஒன்பதாம் வகுப்பில் எழுத்துகளின் பிறப்பை நடத்தும்போது கரும்பலகையில் எழுதிப்போடுவேன்: பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம். நெஞ்சிலிருந்து எழும் காற்று இந்த இடங்களில் பட்டும் படாமலும் எழுத்தாகிறது என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தம்பியின் அறுவை முடிந்த பிறகுதான் அந்தப் பட்டியல் எனக்கு முழுதாகப் புரிந்தது. நீங்கள் கத்தி வைக்கும் இடங்கள் எல்லாம் என் கரும்பலகையில் இருக்கின்றன. அவனுக்கு வலப்பக்கக் கீழ்ப்பற்கள் போய்விட்டன. தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு எலும்போடு போனதால் கீழுதட்டில் பாதி மரத்துவிட்டது. நாக்கின் வலது ஓரத்திலும் ஒரு பகுதி போனது. மீதி நாக்கு தையலில் இழுத்துக் கட்டியதுபோல் கிடக்கிறது.

அதனால் பகரமும் மகரமும் உதட்டோரம் காற்றாக ஒழுகும். நாநுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டிய டகரமும் ணகரமும் தகரம்போல் மழுங்கும். ளகரம், ழகரம் இரண்டும் ஏறக்குறைய யகரமாகிவிட்டன. அவன் மகளின் பெயரில் ஒரு 'ழி' உண்டு. அறுவைக்குப் பிறகு முதன்முறையாக அவளை அவன் கூப்பிட்டபோது, அவள் யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மறுபடியும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் அவளைக் கைதட்டித்தான் அழைத்தான்.

பயிற்சியாளர் காட்டிக்கொடுத்த முறையோடு, என் பங்குக்கு நான் ஒன்றாம் வகுப்புச் சொற்களை எடுத்துவந்தேன். முதலில் அம்மா, பாப்பா. கண்ணாடியைப் பார்த்து, விரலால் மரத்த உதட்டைத் தூக்கிப்பிடித்துச் சொல்லவேண்டும். பிறகு பட்டம், வண்டி, பள்ளி. ழகரத்துக்கு ஏழு மாதம். இன்றும் அது முழுமையான ழகரம் இல்லை. ஆனால் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

வீட்டுக்குள் இப்படியென்றால், வெளியே இன்னும் கடினம். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யத் தொலைபேசியில் பேசினான். மறுமுனையில் இருந்த பெண் அவன் குடித்திருக்கிறான் என்று நினைத்து இணைப்பைத் துண்டித்தாள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தறியாதவன் அவன். அன்றைக்கு அவன் செல்பேசியை என்னிடம் தந்துவிட்டுப் போனவன் இரண்டு நாள் பேசவே இல்லை. சொந்தக்காரர் திருமணத்தில் பந்தியில் உட்கார்ந்தான். அரிசியும் பருப்பும் சாதம் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். நாலாவது கவளத்தில் ஒரு பருக்கை கீழுதட்டில் ஒட்டிக்கொண்டது. உணர்ச்சி இல்லாத உதடு, அவனுக்குத் தெரியவில்லை. எதிர் வரிசையில் இருந்த குழந்தை விரல் நீட்டிச் சிரித்தது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தவன், அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. நோய் திரும்பவில்லை, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் மகிழ்ச்சியோடு சொன்ன அதே மாதம்தான் இது நடந்தது.

நீங்கள் நினைத்தால் இதையும் அளந்து திருத்த முடியும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. தெரியாததைப் படித்துவிடும் பழக்கம் உள்ளவள் நான். மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த நாட்களில் உங்கள் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன். கழுத்து நெறிக்கட்டிகளை மொத்தமாக அகற்றும் முறையை 1906இல் அமெரிக்காவின் ஜார்ஜ் கிரைல் விவரித்தார். அதற்குப் பின் நெடுங்காலம் உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்தது. வெட்டிய இடத்தை நிரப்ப மார்புத் தசையைக் கழுத்துவழியாகத் திருப்பிக் கொண்டுவரும் முறை 1979இல் வந்தது. கால் எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து வேறிடத்தில் பொருத்தலாம் என்று ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் 1975இல் காட்டினார். அதே எலும்பை வளைத்துத் தாடையாக்கலாம் என்று 1989இல் டேவிட் ஹிடால்கோ எழுதினார். 'இவ்வளவுதான் முடியும்' என்று சொல்லி யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை.

நம் நாட்டிலும் அப்படித்தான். ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றுநோயில், கழுத்தில் கட்டி தெரியாதபோதும் நெறிக்கட்டிகளை முன்கூட்டியே எடுத்துவிடுவதா, வந்தால் பார்த்துக்கொள்வதா என்று உலகமே பல ஆண்டுகள் விவாதித்துக்கொண்டிருந்தது. அதற்கு விடை தந்தது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. முன்கூட்டியே எடுத்தவர்களில் மூன்றாம் ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம் என்று 2015இல் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் உங்கள் துறையினர் அதை ஏற்றுக்கொண்டார்கள். இத்தனை நோயாளிகளையும் இத்தனை ஒழுங்கோடு எண்ணிப் பார்க்க இங்கே முடிந்திருக்கிறது. உயிரை இவ்வளவு கவனமாக எண்ணத் தெரிந்தவர்களிடம் வாயையும் எண்ணுங்கள் என்று கேட்பது அதிகமாகத் தோன்றவில்லை. 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே ஆண்டில் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பிழைப்பவர்கள் எல்லோரும் எப்படியோ ஒரு வாயோடு வீடு திரும்பத்தான் போகிறார்கள்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார், தர்மபுரிப் பக்கம். அவருக்குத் தாடையை எடுத்த இடத்தில் எலும்பு வைக்கவில்லை, மார்புத் தசை மட்டும்தான். வயது, இதயம், சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்து எடுத்த முடிவு அது. பதினொரு மணி நேர அறுவை அவருக்குத் தாங்காது என்று மருத்துவர் அவர் மகனிடம் பொறுமையாக விளக்கியதை நானே கேட்டேன். ஒரு நீண்ட அறுவைக்கு மேசையைக் கொடுத்தால் வரிசையில் இருக்கும் இன்னொருவருக்கு நாள் தள்ளிப்போகும், அவருடைய கட்டி அதற்குள் வளரும் என்பதும் உண்மை. இந்தக் கணக்கைத் தினமும் போடவேண்டிய நிலையில் நான் இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள். நான் கேட்பது வேறு. எந்த முறையில் கட்டினாலும், கட்டிய பிறகு அந்த வாய் எப்படி இருக்கும், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். மீதமிருக்கும் தாடை வெட்டிய பக்கமாகச் சரியும், பல்லோடு பல் சேராது என்று அந்தப் பெரியவருக்கு முன்பே தெரிந்திருந்தால், முதன்முதலில் கண்ணாடி பார்த்த அன்று அவர் அப்படி அழுதிருக்கமாட்டார். அன்று வார்டே அமைதியாகிவிட்டது.

அதே பெரியவருக்குப் பிறகு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். கதிர்வீச்சு முடிந்து எட்டாம் மாதம், மிச்சமிருந்த ஒரு பல் வலிக்கிறதென்று ஊரில் பிடுங்கிக்கொண்டார். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகக்கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். பிடுங்கியவருக்கு இவர் கதிர்வீச்சு எடுத்தவர் என்பதே தெரியாது. இவர் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று இவருக்கும் தெரியாது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் ஓர் அட்டை போதும்: 'இவர் தாடையில் கதிர்வீச்சு பெற்றவர், எங்களைக் கேட்காமல் பல் எடுக்காதீர்கள்'. தமிழில், பெரிய எழுத்தில்.

பல் என்றதும் இன்னொன்று. தம்பிக்கு வைத்த கால் எலும்பில் பின்னாளில் திருகு பொருத்திப் பல் கட்டமுடியும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த ஆசையில்தான் அவன் ஒரு காலின் வலியைத் தாங்கினான். பிறகு விசாரித்தபோது அது அழகு சம்பந்தப்பட்டது, சிகிச்சையில் சேராது என்று ஒரு முகப்பில் பதில் வந்தது. மெல்லுவது அழகா, மருத்துவர்களே? வலப்பக்கம் பல் இல்லாததால் இரண்டு வருடமாக இடப்பக்கம் மட்டுமே மென்று, இப்போது அந்தப் பக்கப் பற்களும் தேயத் தொடங்கிவிட்டன. பல் கட்டுவதற்கான செலவையும் அறுவையின் பகுதியாக எழுதிக் கேளுங்கள். எங்கள் குரல் அந்த முகப்போடு நின்றுவிடுகிறது. உங்கள் கடிதம் அதைத் தாண்டிப் போகும்.

அரசிடமும் பிடிமானங்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்தவருக்கு வருகிறார்கள், அதைக் கண்ணால் பார்க்கிறேன். வாய் இறுகியவருக்கும் அவர்கள் வரலாமே. 'வாய் திறப்புப் பயிற்சி, தோள்பட்டைப் பயிற்சி, விழுங்கும் பயிற்சி' என்று நீங்கள் ஒரு பரிந்துரைச் சீட்டு எழுதி எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால், எங்களை யாரென்று தேடவேண்டிய அவசியம் அவர்களுக்கு இராது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பேச்சு, மொழிக் குறைபாட்டுக்கு எடுத்துக்காட்டாகக் குரல்வளை அகற்றத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குரல்வளையையோ நாக்கையோ இழந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வீட்டுக்கு அனுப்பும் நாளில் நீங்கள் சொல்லவேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

உங்கள் அறுவைக் குழுவில் மயக்க மருந்து நிபுணர் இருக்கிறார். அவர் இல்லாமல் நீங்கள் கத்தியைத் தொடமாட்டீர்கள். அதேபோல் பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் ஒருவர் அறுவைக்கு முன்பே நோயாளியையும் வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகிறவரையும் உட்காரவைத்து அரைமணி நேரம் பேசட்டும். ஊருக்கு ஊர் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார் என்று சொல்வீர்கள். உண்மைதான். அவர்களை நியமிக்கச் சொல்லி அரசிடம் கேட்கவேண்டியவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. தலை, கழுத்து அறுவை மருத்துவர்கள் ஒன்றுகூடி, இவர்கள் இல்லாமல் எங்கள் வேலை பாதியில் நிற்கிறது என்று எழுதினால், அந்தக் கடிதத்தை யாரும் ஓரமாக வைக்கமுடியாது.

தம்பியால் இனி முழு ஷிஃப்ட் தறி ஓட்ட முடியாது. கழுத்தில் கட்டிகளை எடுத்ததில் வலது தோள் உயரவில்லை. இப்போது அதே கூடத்தில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறான், பாதிக் கூலிக்கு. போன மாதம் புதிதாக வேலைக்கு வந்த பையன் கன்னத்தில் பொட்டலத்தை அடக்கியதைப் பார்த்து, பக்கத்தில் போய்த் தன் வாயைத் திறந்து காட்டியிருக்கிறான். தறிச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. காட்டினால் போதும் என்றான் என்னிடம்.

வரும் செவ்வாய்க்கிழமை அவனுக்கு மறுபரிசோதனை. அவன் இப்போது பதிமூன்று குச்சியில் இருக்கிறான். ரப்பர் போட்டுக் கட்டிய அந்த அடுக்கைச் சட்டைப் பையில் எடுத்துவருவான், நீங்கள் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுவான். தயவுசெய்து ஓர் அளவுகோலை எடுத்து அவன் வாயை அளந்து, எத்தனை மில்லிமீட்டர் என்று அவன் கோப்பில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் அக்கா,
தமிழாசிரியை, நாமக்கல் மாவட்டம்